அடுத்து என்ன கோர்ஸ் பண்ணலாம்னு கேக்குற ப்ளேஸ்கூல், பால்வாடி டீச்சர்களுக்கு

கேள்வி இதுதான்: "டிப்ளமோ முடிச்சுட்டு ஒரு ப்ளேஸ்கூல்ல வேலை பாக்குறேன், எங்க அக்கா அங்கன்வாடி டீச்சர். ரெண்டு பேருக்கும் இந்த வேலைய உருப்படியா செய்யணும்னு ஆசை. தரமான முன்பருவக் கல்வின்னு எல்லாரும் சொல்றாங்க, அது தினப்படி வேலையில எப்படி வரும், அடுத்து எந்த கோர்ஸ்ல சேரணும்?"

கோர்ஸ் பத்தி கடைசியில சொல்றேன்மா, ஏன்னா அது ரெண்டாம்பட்சம். நான் இத்தனை வருஷமா அங்கன்வாடிக்கும் நர்சரி ஸ்கூலுக்கும் ட்ரெய்னிங்னு போய் வந்ததுல ஒரு விஷயம் நல்லா தெரியும், ரொம்ப நல்லா செய்யுற டீச்சருங்ககிட்ட சர்டிபிகேட் அதிகமா இருந்து நான் பாக்கல, அவங்ககிட்ட ரெண்டு பழக்கம் இருக்கும். ஒண்ணு, பிள்ளைங்கள உத்துப் பாத்து எழுதி வைப்பாங்க. இன்னொண்ணு, எழுதினத இன்னொருத்தர்கிட்ட பேசுவாங்க. இந்த ரெண்டும் பழக்கமா இருந்தா தரம் தானா ஏறும், இல்லன்னா எத்தனை நாள் ட்ரெய்னிங் போனாலும் ஃபைல்ல ஒரு பேப்பர் கூடும், அவ்வளவுதான்.

முதல்ல தரம்னா என்னன்னு பாத்துருவோம். கண்ணுக்குத் தெரியுற தரம் ஒண்ணு இருக்கு. 3 வயசுலேர்ந்து 6 வயசு வரைக்கும் 20 பிள்ளைக்கு ஒரு டீச்சர், அதுக்குக் கீழ உள்ள குழந்தைங்கன்னா 10 பேருக்கு ஒருத்தர், 30 பிள்ளைங்க உக்கார்ற ரூம் 35 சதுர மீட்டராவது இருக்கணும், வெளிய ஓடி விளையாட இடம், குடிக்கத் தண்ணி, பிள்ளைங்க உயரத்துக்கு டாய்லெட். 2013ல மத்திய அரசு முன்பருவக் கல்விக்குன்னு தேசியக் கொள்கை கொண்டு வந்தப்பவே இதெல்லாம் தரக்குறியீடா எழுதி வச்சுட்டாங்க. இது வேணும், கண்டிப்பா வேணும், ஒரே ரூம்ல 45 பிள்ளைய அடைச்சு வச்சுட்டு டீச்சர்கிட்ட தரம் கேக்குறது அநியாயம். ஆனா இத செய்ய வேண்டியது அரசாங்கமும் ஸ்கூல் நடத்துறவங்களும். உங்க கையில இருக்குறது இன்னொரு தரம், அது உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவுல நடக்குறது.

இங்கிலாந்துல 1997ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க, சுமார் 3,000 பிள்ளைங்கள 3 வயசுலேர்ந்து தொடர்ந்து பாத்தாங்க, எந்த மாதிரி சென்டர்ல படிச்ச பிள்ளை நல்லா வருதுன்னு. அதுல வந்த முக்கியமான ஒரு விஷயம் என்னன்னா, நல்ல சென்டர்ல பெரியவங்களும் பிள்ளையும் ஒரே விஷயத்தப் புடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சேர்ந்து யோசிக்குறாங்க. நீ கேளு நான் சொல்றேன்னு இல்லாம, ரெண்டு பேரும் சேர்ந்து அந்த யோசனைய முன்ன நகர்த்துறாங்க. நல்ல சென்டர்லயே கூட இது அடிக்கடி நடக்குறதில்லன்னும் அந்த ஆய்வு சொல்லுது. அவ்வளவு அபூர்வம், ஆனா காசு செலவில்லாதது.

இது எப்படி இருக்கும்னு ஒண்ணு சொல்றேன். திண்டுக்கல் பக்கம் ஒரு அங்கன்வாடி, நாலு வயசு பொண்ணு ஒண்ணு புளியங்கொட்டைய ரெண்டு கொட்டாங்குச்சியில பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கு. நம்மள்ல நிறைய பேர் என்ன செய்வோம், பக்கத்துல போய் "எத்தனை இருக்கு எண்ணு பாப்போம்"னு கேப்போம், அது "அஞ்சு"ன்னு சொல்லும், "வெரி குட்"னு சொல்லிட்டு அடுத்த பிள்ளைகிட்ட போயிருவோம். அந்த டீச்சர் அப்படி செய்யல. பக்கத்துல தரையில உக்காந்தாங்க, ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு பொண்ணே "இது அம்மா கொட்ட, இது பாப்பா கொட்ட"ன்னுச்சு. "அம்மா கொட்டன்னு எப்படிடா கண்டுபுடிச்ச?" "பெருசா இருக்கு... கனமா இருக்கு." "ஓ, கனமா வேற இருக்கா. அப்ப கண்ண மூடிக்கிட்டே கண்டுபுடிக்க முடியுமா?" பொண்ணு கண்ண இறுக்க மூடிக்கிட்டு ஒவ்வொரு கையிலயும் ஒரு கொட்டைய வச்சு தூக்கித் தூக்கிப் பாக்குது, ஒண்ண தப்பா சொல்லுது, கண்ண தெறந்து பாத்துட்டு "இது பாப்பா, ஆனா குண்டு பாப்பா"ன்னு அதுவே ஒரு காரணமும் சொல்லுது. அதுக்குள்ள இன்னும் ரெண்டு பிள்ளைங்க வந்து கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டுதுங்க. மொத்தமே சில நிமிஷம்தான். வகை பிரிக்கிறது, ஒப்பிடுறது, எடை, ஊகம், சரி பாக்குறது, அதுக்கேத்த வார்த்தை, எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அந்த டீச்சர் பத்தாவது வரைக்கும் படிச்சவங்க.

அவங்க எத செஞ்சாங்கன்னு நல்லா கவனிங்க. கீழ உக்காந்தாங்க, காத்திருந்தாங்க, தனக்கு விடை தெரிஞ்ச கேள்விய கேக்கல, பிள்ளை சொன்ன "கனம்"ங்குற வார்த்தைய எடுத்துக்கிட்டு அதுலேர்ந்து அடுத்த கேள்விக்குப் போனாங்க. ஒவ்வொண்ணும் பழகுனா வர்றதுதான், பிறவி குணம் எல்லாம் இல்ல.

இப்ப பழகுறது எப்படின்னு பாப்போம். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. ஒரு நாளைக்கு ரெண்டு பிள்ளை, ஆளுக்கு நாலு வரி, அவ்வளவுதான். ஆனா எப்படி எழுதுறோம்னு ஒண்ணு இருக்கு. "கவின் இன்னைக்கு நல்லா விளையாடினான், சமத்தா இருந்தான்"னு எழுதினா அதுல ஒண்ணுமே இல்ல, மறுநாள் படிச்சா உங்களுக்கே எதுவும் ஞாபகம் வராது. இப்படி எழுதிப் பாருங்க: "10.20. கவின் தண்ணித் தொட்டிகிட்ட. ஓட்டை போட்ட டப்பாவுல தண்ணி மொண்டான், ஒழுகுது. விரல வச்சு அடைச்சான். ஒரு ஓட்டை அடைச்சா இன்னொண்ணுல வருது. என்னப் பாத்து சிரிச்சான். களிமண் எடுத்துட்டு வந்தான்." இதுல தீர்ப்பு ஒண்ணும் இல்ல, கண்ணு பாத்தது காது கேட்டது மட்டும்தான். ஆனா படிச்ச உடனே நாளைக்கு என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியுது, துணி, மெழுகு, இலை, பேப்பர் எல்லாம் தொட்டி பக்கத்துல வச்சு எது ஒழுகல நிறுத்துதுன்னு அவன பாக்க விடலாம். பாடத்திட்டம் எழுதுறது இங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது.

ரெண்டு வாரம் ஆனதும் நோட்ட பின்னாலேர்ந்து புரட்டி, எந்தப் பிள்ளை பேரு வரவே இல்லன்னு பாருங்க. கண்டிப்பா சில பேர் இருப்பாங்க. அதிகம் பேசாத பிள்ளை, அழாத பிள்ளை, அடிக்காத பிள்ளை, மூலையில உக்காந்து கொடுத்தத சாப்பிட்டுட்டு கூப்பிட்டா எந்திரிச்சு வர்ற பிள்ளை. வகுப்புல நம்ம கண்ணு சத்தம் போடுற பிள்ளை மேலயே போகும், அது இயற்கை. இந்த நோட்டு இல்லன்னா அந்த அமைதியான பிள்ளை ஒரு வருஷம் முழுக்க நம்ம கண்ணுல படாமலே ஒண்ணாம் வகுப்புக்குப் போயிரும். எனக்கு இந்த வேலையில ரொம்ப மனசு கெடந்து அடிச்சுக்குற விஷயம் இதுதான்.

அடுத்தது இன்னொரு ஜோடி கண்ணு. நாம எப்படிப் பேசுறோம்னு நமக்கே தெரியாது. வட்டத்துல உக்கார வச்சு கதை சொல்ற நேரத்துல உங்க போனையே ஒரு மூலையில வச்சு அஞ்சு நிமிஷம் வீடியோ எடுங்க (பிள்ளைங்க வீடியோ, அதனால எங்கயும் ஷேர் பண்ணாம, பாத்துட்டு அழிச்சுருங்க, பெத்தவங்களுக்கும் சொல்லிருங்க). அப்புறம் கூட வேலை பாக்குறவங்களோட உக்காந்து ரெண்டே விஷயம் எண்ணுங்க. நமக்கு விடை தெரிஞ்ச கேள்வி எத்தனை, தெரியாத கேள்வி எத்தனை. "இது என்ன கலர்?" முதல் வகை, "குருவி ஏன் திரும்பி வரல?" ரெண்டாவது வகை. அப்புறம் கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கோம். பெரும்பாலும் ஒரு மூச்சு விடுற நேரம் கூட விடமாட்டோம், நாமளே பதில் சொல்லிருவோம், இல்ல வேகமா சொல்ற பிள்ளைகிட்ட போயிருவோம். மூணு வயசு பிள்ளைக்கு வார்த்தைய தேடி எடுத்து வாய்க்கு கொண்டு வர நேரம் புடிக்கும். அந்த வாரம் முழுக்க காத்திருக்குறத மட்டும் பழகுங்க, வேற எதையும் மாத்த வேணாம். ஒரே நேரத்துல பத்து விஷயத்த மாத்தணும்னு கிளம்புறவங்க பத்து நாள்ல எல்லாத்தையும் விட்டுருவாங்க.

இத்தாலியில ரெஜியோ எமிலியான்னு ஒரு ஊரு, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட அங்க பெத்தவங்களே சேர்ந்து குழந்தைப் பள்ளி கட்டினாங்க, லோரிஸ் மலகுஸ்ஸின்னு ஒரு ஆசிரியர் அதுல வந்து சேர்ந்தார், இன்னைக்கு உலகம் முழுக்க அந்த ஊர் பள்ளிகள பாக்கப் போறாங்க. நம்ம ஆளுங்க அங்கேர்ந்து கொண்டு வந்தது பெரும்பாலும் மரச்சாமானும் கண்ணாடி ஜன்னலும்தான். உண்மையில எடுத்துக்க வேண்டியது வேற: ஒரு வகுப்புக்கு ரெண்டு டீச்சர், பிள்ளைங்க பேசினத, வரைஞ்சத பதிஞ்சு வச்சு டீச்சருங்க சேர்ந்து உக்காந்து பேசுறாங்க, அதுக்கான நேரம் அவங்க சம்பள நேரத்துக்குள்ளயே இருக்கு. நம்ம ஊர்லயும் இதுக்கு வழி இல்லாம இல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துல தமிழ்நாட்டு சென்டர்களுக்குன்னே ஒரு தர அளவுகோல் உருவாக்கினாங்க, டெசெர்ஸ்னு பேரு. இந்த மாதிரி அளவுகோல மேலதிகாரி மார்க் போடுற கருவியா வச்சா எல்லாரும் பயந்துகிட்டு அன்னைக்கு மட்டும் பொம்மைய வெளிய எடுத்து வைப்பாங்க, ரெண்டு டீச்சருங்க சேர்ந்து "நம்ம ரூம்ல இது எப்படி இருக்கு"ன்னு பேசுறதுக்கு வச்சா அதே பேப்பர் பொன்னா மாறும்.

உங்க அக்காவுக்கு ஒரு வார்த்தை. மாசாந்திர மீட்டிங்ல முழு நேரமும் ரெஜிஸ்டர், எடை, ஆப்ல என்ட்ரின்னே போயிருது, எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர்கிட்ட கேட்டு அதுல ஒரு 20 நிமிஷத்த பிள்ளைங்களப் பத்திப் பேச ஒதுக்கச் சொல்லுங்க, ஒரு டீச்சர் தன் நோட்டுலேர்ந்து ஒரு பக்கம் வாசிக்கணும், மத்தவங்க "அப்புறம் என்ன செஞ்சான்?"னு கேக்கணும். நல்ல மேற்பார்வையாளருங்க இதுக்கு சந்தோஷமா ஒத்துக்குவாங்க, அவங்களுக்கும் ரெஜிஸ்டர் பாத்து அலுத்துப் போயிருக்கும்.

நேரம்னு சொன்னதும் ஒண்ண தெளிவா சொல்லணும், ஏன்னா தரம் இல்லன்னு வந்தா முதல்ல டீச்சர் மேலதான் பழி போடுறாங்க. முன்பருவக் கல்வி நிபுணர் மீனா சுவாமிநாதன் தலைமையில ஒரு குழு 1972ல அறிக்கை கொடுத்து, அதுக்கப்புறம் 1975 அக்டோபர் 2ல அங்கன்வாடிகள நடத்துற ஐசிடிஎஸ் திட்டம் 33 வட்டாரத்துல ஆரம்பிச்சுச்சு. சாப்பாடு, தடுப்பூசி, எடை, கர்ப்பிணி, பாலூட்டுற தாய், வளரிளம் பொண்ணுங்க, முன்பருவக் கல்வி, எல்லாம் ஒரே ஆள் தலையில. தமிழ்நாட்டுல இன்னைக்கு 54,000க்கும் மேல மையங்கள் இருக்கு, பெரும்பாலும் ஒரு பணியாளர் ஒரு உதவியாளர், மினி மையம்னா ஒருத்தரேதான். இதுல பாடம் சொல்ல எங்க நேரம்? நம்ம மாநிலத்துலயே 320 அங்கன்வாடிய எடுத்து ஒரு ஆய்வு நடந்துச்சு, கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் செஞ்சது. பாதி மையத்துல முன்பருவக் கல்விக்குன்னு மட்டும் அரை நாள் வேலைக்கு ஒரு ஆளைக் கூடுதலா போட்டாங்க. கல்விக்குக் கிடைச்ச நேரம் ரெண்டு மடங்காச்சு, பிள்ளைங்களோட கணக்கும் மொழியும் நல்லா முன்னேறுச்சு, அதோட பழைய டீச்சருக்கு சத்துணவு, உடல்நலம் பாக்க நேரம் கிடைச்சதால ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைஞ்சுச்சு. வந்த புது ஆளுங்க பெரிய டிகிரி வச்சிருந்தவங்களும் இல்ல. கைய கூட்டினா தரம் கூடுதுன்னு நம்ம ஊர்லயே நிரூபிச்ச விஷயம் இது. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமும் அங்கன்வாடி பணியாளர், உதவியாளருக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. சேவை சேவைன்னு சொல்லியே சம்பளத்தையும் நேரத்தையும் குறைச்சுக் கொடுத்துட்டு தொழில்திறமை எதிர்பாக்குறது நடக்காது. உங்க ப்ளேஸ்கூல்லயும் கேளுங்க, வாரத்துல ஒரு மணி நேரம், பிள்ளைங்க இல்லாத நேரம், சம்பளத்தோட. சார்ட் ஒட்டுறதுக்கு இல்ல, உக்காந்து பேசுறதுக்கு.

பாடத்திட்டம் இல்லையேன்னு கவலப்பட வேணாம். அங்கன்வாடிக்கு "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" இருக்கு, மாசத்துக்கு ஒரு கருப்பொருள்னு போகும், நல்லா யோசிச்சு செஞ்சது, ப்ளேஸ்கூல்காரங்களும் வாங்கிப் படிக்கலாம். மத்திய அரசும் 2024ல 3 முதல் 6 வயசுக்கு ஆதார்ஷிலா, 3 வயசுக்குக் கீழ நவ்சேத்தனான்னு ரெண்டு வழிகாட்டி கொண்டு வந்துருக்கு. ஆனா கருப்பொருள் "மழை"ன்னு இருக்குறதுக்காக வெயில் கொளுத்துற அன்னைக்கு மழைப் பாட்டையே பாடிக்கிட்டு, வாசல்ல வரிசையா போற எறும்ப பாத்துக்கிட்டு நிக்குற பிள்ளைய உள்ள இழுத்துட்டு வராதீங்க.

இனி பெத்தவங்க. "ஃபீஸ் கட்டுறேன், இன்னும் ஏ பி சி டி எழுதல, பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுது"ன்னு வந்து நிப்பாங்க. 2019ல அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடியில எல்கேஜி யுகேஜி ஆரம்பிச்சதுக்கும் இந்த எதிர்பார்ப்புதான் பின்னால இருந்துச்சு. அவங்கள குறை சொல்லாதீங்க, பிள்ளை பின்தங்கிரக் கூடாதுங்குற பயம் அது. ஆனா அதுக்காக மூணு வயசுல பென்சில திணிக்காதீங்க. மாவு பிசையுறது, சல்லடையில சலிக்கிறது, பூ கட்டுறது, பாசி கோக்குறது, ஈரத்துணி பிழியுறது, இதுலதான் அந்தக் கை எழுதுறதுக்குத் தயாராகுது. 2022ல வந்த தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பே 3லேர்ந்து 8 வயசு வரைக்கும் ஒரே கட்டம், விளையாட்டு வழியாத்தான்னு சொல்லுது. பெத்தவங்ககிட்ட இந்தத் தத்துவம் பேசினா எடுபடாது. நோட்ட திறந்து காட்டுங்க: "பாருங்க சார், ஜூன்ல வந்தப்ப பாட்டில் மூடி திருக வரல, இப்ப பாசி கோக்குறா, போன வாரம் அவளே குச்சிய எடுத்து மண்ணுல அவ பேரோட முதல் எழுத்து போட்டா." தேதி போட்டு எழுதி வச்சத மறுத்துப் பேசுற அப்பாவ நான் பாத்ததில்ல.

ஒர்க்‌ஷீட், ரைம்ஸ் எல்லாம் கல்வி, சாப்பாடு ஊட்டுறதும் கால் கழுவி விடுறதும் ஆயாம்மா வேலைன்னு ஒரு பிரிவு நம்ம ஸ்கூல்கள்ல ஆழமா இருக்கு. இது உடையாம தரம் வராது. ஹங்கேரியில எம்மி பிக்லர்னு ஒரு டாக்டர் 1946ல புடாபெஸ்ட்ல குழந்தைகள் இல்லம் ஆரம்பிச்சாங்க, அங்க குளிப்பாட்டுற, உடுத்துற, ஊட்டுற நேரத்தத்தான் பிள்ளையோட பழகுற முக்கியமான நேரமா வச்சாங்க. அதுலேர்ந்து ஒரே ஒரு பழக்கத்த எடுத்துக்குங்க, பிள்ளையத் தொடுறதுக்கு முன்னாடி சொல்லுங்க. பின்னாலேர்ந்து வந்து மூக்க துடைக்காம, முன்னால உக்காந்து "மூக்கு ஒழுகுது, துடைக்கட்டுமா?"ன்னு கேட்டு ஒரு நொடி நில்லுங்க. பிள்ளை முகத்த தானா நீட்டும். அப்புறம் ஆயாம்மாவ உங்க பேச்சுல சேர்த்துக்குங்க. முட்டையில மஞ்சக்கருவ ஒதுக்குற பிள்ளை யாரு, ரெண்டு நாளா டாய்லெட் போகப் பயப்படுறது யாரு, தூக்கத்துல திடுக்குனு எந்திரிக்கிறது யாருன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க இல்லாம பிள்ளையப் பத்திப் போடுற மீட்டிங் பாதி மீட்டிங்.

மொழி பத்தி சுருக்கமா. பிள்ளை வீட்டுல பேசுற பேச்சு எதுவோ அதுலதான் அது யோசிக்கும். தெலுங்கு பேசுற வீடு, சௌராஷ்டிரா பேசுற வீடு, திருப்பூர் பக்கம்னா இந்தி, ஒடியா பேசுற வீட்டுப் பிள்ளைங்களும் வர்றாங்க. தண்ணி, பசி, வலி, அம்மா வருவா, இந்த நாலஞ்சு வார்த்தைய அவங்க மொழியில கத்துக்குங்க, முதல் வாரம் அழுகை பாதியாயிரும். "இங்கிலீஷ்ல மட்டும் பேசணும்"னு போர்டு மாட்டுற ஸ்கூல்ல பிள்ளைங்க பேசுறதையே குறைச்சுக்குறாங்க, மூணு வயசுல பேச்சு குறைஞ்சா யோசனையும் குறையும்.

பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாத பிள்ளை, பேசின வார்த்தைய நிறுத்திட்ட பிள்ளை, நடையில வித்தியாசம் தெரியுற பிள்ளை இருந்தா நாமளா ஒரு பேரு வச்சு முத்திரை குத்தக் கூடாது, அதே நேரத்துல "வளர வளர சரியாயிரும்"னு விடவும் கூடாது. நோட்டுல தேதியோட எழுதுங்க, பெத்தவங்ககிட்ட பாத்தத மட்டும் சொல்லுங்க. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ பிள்ளைங்க உடல்நலத்த பரிசோதிக்கிற அரசுத் திட்டமான ஆர்பிஎஸ்கேயோட டாக்டர் டீம் வரணும், மாவட்ட அளவுல அரசு ஆஸ்பத்திரியில வளர்ச்சிக் குறைய ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சு உதவுற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு, இலவசம். ப்ளேஸ்கூல் பிள்ளையையும் அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லலாம்.

சரி, கோர்ஸ். 1939ல இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தாங்க, தியசாபிகல் சொசைட்டி கூப்பிட்டு. கிட்டத்தட்ட 300 பேர் அந்த முதல் பயிற்சியில கலந்துக்கிட்டாங்க, போர் நடந்ததால மாண்டிசோரி திரும்பிப் போக முடியாம இந்தியாவுலயே வருஷக்கணக்கா தங்கி, கொடைக்கானல்லயும் இருந்தாங்க. அந்தம்மா சொல்லிக் கொடுத்ததுல அடிப்படையே பிள்ளைய பொறுமையா கவனிக்கிறதுதான், இன்னைக்கு மாண்டிசோரின்னு போர்டு போட்ட இடம் எல்லாம் அத சொல்லித் தர்றதில்ல. அதனால எந்த கோர்ஸா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பிள்ளைங்களோட நான் எத்தனை மணி நேரம் இருப்பேன், அப்ப என்னை யாரு வந்து பாப்பாங்க, பாத்துட்டு என்கிட்ட உக்காந்து பேசுவாங்களா. பதில் சரியில்லன்னா ஃபீஸ் எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேணாம். வேலையையும் விட முடியாதுன்னா இக்னோவுல (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) முன்பருவக் கல்விக்கு ஒரு டிப்ளமோ இருக்கு, தபால் வழி, பிளஸ் டூ போதும், பிள்ளைங்களோட செய்யுற ப்ராஜெக்ட் வேலையும் அதுல உண்டு, உங்க அக்காவுக்கும் அது பொருந்தும். ரெண்டு பேரும் சேர்ந்தே சேருங்க, ப்ராஜெக்டுக்கு ஒருத்தர் வகுப்ப இன்னொருத்தர் போய்ப் பாத்து எழுதிக்கலாம்.